விட்டுக்கொடுத்த செடி

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப் போடுவதுதான் நம் லிப்ட் மெக்கானிக்கின் பிழைப்பு. ஆனால் பெற்ற அம்மாவுக்கும் பெண் கொடுத்த மாமியாருக்கும் நடுவில் தானே மாட்டிக்கொண்டால் எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் போன வாரம், "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேருமே உக்காந்து பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு, டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனான்.

பேச வேண்டிய விஷயம் இதுதான். வீட்டுக்குக் கார் வரப் போகிறது. மருமகள் இத்தனை நாள் யாரோ ஒருவரின் டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்தவள். இனி சொந்தமாகத் தொடங்கப் போகிறாள். புதன்கிழமை கார் வந்து நிற்கும். கேட்டோ ஸ்கூட்டர் நுழைகிற அளவுதான். ஒரு தூணை இடித்துத் தள்ளிக் கட்டினால்தான் கார் உள்ளே வரும். வலது தூணை ஒட்டி ஒரு செடி, இடது தூணை ஒட்டி ஒரு செடி. ஒன்று போயே ஆக வேண்டும்.

வலது பக்கத்துச் செடி மெக்கானிக்கின் அம்மா வைத்தது. தெருவில் அவளுக்குத் தையல்காரம்மா என்றுதான் பெயர். இடது பக்கத்துச் செடி மருமகளின் அம்மா வைத்தது. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், நமக்கு அவள் சம்பந்தியம்மா. எந்தச் செடியில் கை வைத்தாலும் ஒரு சம்பந்தியின் முகத்தில் கை வைத்த மாதிரிதான்.

நடுவில் மேஸ்திரி ஒரு வழி சொன்னார். "அந்தத் தையல் ரூமை எடுத்துட்டு அங்க கேட்டு வச்சா செலவும் கம்மி, காரும் நேரா உள்ள போயிடும்" என்று காம்பவுண்டின் வலது மூலையைக் காட்டினார். தையல்காரம்மா பார்த்த பார்வையில் மனுஷன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். மகனும் மருமகளும் ஒரே குரலில் பேச்சை மாற்றினார்கள். அதோடு அந்த யோசனை செத்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வருவோம்.

*

தையல்காரம்மா எழுந்து கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது இடது பக்கத்துச் செடியைத்தான். நாலு வருஷமாக அதுதான் பழக்கம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். பார்த்துவிட்டு நாள் முழுக்கப் பொருமுவாள்.

அது ஒன்றும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த செடி இல்லை. மலையடிவாரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிற, இந்த மண்ணின் சொந்தச் செடிதான். வெயிலோ குளிரோ, எதற்கும் இலையை உதிர்க்காது. வருஷம் முழுக்க மெழுகு தேய்த்த மாதிரி பளபளவென்று பச்சை. நர்சரிக்காரர் சொன்ன பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பழம் சிவப்பு மணி மாதிரி இருக்கிறதே என்று இவர்களாகவே மணிச்செடி ஆக்கிவிட்டார்கள்.

வீடு கட்டி முடித்த வருஷம் இரண்டு சம்பந்திகளும் ஒன்றாகப் போய் வாங்கிவந்த கன்றுகள் இவை. அப்போது இருவருக்கும் நல்ல ஒட்டுதல். ஒரே உயரம், ஒரே இலை. சம்பந்தியம்மாதான் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நர்சரிக்காரரிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்து, "ரெண்டும் ஒண்ணுதான், நீங்க இதை வச்சுக்குங்க" என்று ஒன்றை இவள் கையில் கொடுத்தாள்.

ரெண்டும் ஒன்றுதானாம். இடது பக்கம் கிளை தாங்காமல் கொத்துக்கொத்தாகச் சிவப்பு. வலது பக்கம் வெறும் இலை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். தையல்காரம்மாவுக்கு இக்கரை பச்சை, அக்கரை சிவப்பு. அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. "வெயில் படணும், தண்ணி தேங்கக் கூடாது, வேரைக் கிளறாம காஞ்ச இலையை மேல பரப்பி விடுங்க, அதுபாட்டுக்கு வளரும்" என்றுதான் நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். இவள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள். டீத்தூள் போட்டாள். எரு வாங்கிவந்து கொட்டினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு ஊட்டியிருக்க மாட்டாள். செடி இன்னும் கொஞ்சம் பச்சையானதுதான் மிச்சம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டில் நின்றுகொண்டு, "உங்க சம்பந்திக்கு என்ன கைராசிம்மா!" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கைராசி! இந்தத் தெருவில் புதுச் சட்டைக்குத் துணி எடுத்தவர்கள் எல்லாரும் கைராசி என்று தேடி வருவது இவளைத்தான். மூலையில் தெருவைப் பார்த்த கதவு, வெளியே ஒரு பெஞ்ச், உள்ளே மிஷின். வீட்டைப் புதுசாகக் கட்டியபோதும் கை வைக்காமல் விட்ட அந்தத் தையல் ரூமில் சம்பாதித்துத்தான் மகனைப் படிக்க வைத்தாள். அந்தக் கைக்கு ராசி இல்லையாம், வாரம் ஒரு தரம் பஸ்ஸில் வந்து போகிறவளின் கைக்கு ராசியாம். கேட்ட அன்றைக்கு ஒரு காலர் கோணலாகப் போயிற்று.

இந்தக் காலையில்கூட ஒரு குருவி வந்தது. வலது செடியில் உட்காரப் போனது. யோசித்தது. பறந்து இடது செடிக்குப் போய்விட்டது.

"போ, நீயும் போ" என்றாள் தையல்காரம்மா.

*

தையல் ரூம் கதவைத் திறந்து வைத்ததும் அறிவியல் டீச்சர் வந்தாள். கோட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, "கச்சிதமா இருக்கும்மா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"உங்க ரெண்டு செடிலயும் நாலு பூ பறிச்சுக்கலாமா? நாளைக்கு கிளாஸ்ல காட்டணும்."

போன பருவத்துப் பழம் இன்னும் உதிரவில்லை, அதற்குள் இந்தப் பருவத்துப் பூ வந்திருந்தது. மிளகு அளவு வெள்ளைப் பூக்கள். இரண்டு செடியிலும் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"தாராளமா பறிச்சுக்கோம்மா. காய்க்காத செடில பூ இருந்தா என்ன, இல்லன்னா என்ன."

"இது காய்க்காதும்மா. இது ஆண் செடியாச்சே."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "என்னது?"

டீச்சர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பூவைக் கொண்டுவந்து மிஷின் விளக்கின் அடியில் வைத்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடுவதற்காகத் தையல்காரம்மா வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இது உங்களோடது. சுத்தி மஞ்சத் தூள் இருக்கா? நடுவுல ஒண்ணும் இல்ல. இப்ப அதைப் பாருங்க. நடுவுல பச்சையா ஒரு குமிழ் இருக்கு பாருங்க, அதுதான் பழமாகும். இந்தத் தூளைத் தேனீ எடுத்துட்டுப் போய் அதுல வைக்கணும்."

"வைக்கலன்னா?"

"பூ உதிர்ந்துடும். பழம் கிடையாது. இந்தப் பக்கத்துல வேற எங்கயும் இந்தச் செடியை நான் பாக்கல. உங்க செடி இருக்கறதாலதான் அது அப்படிக் காய்ச்சுத் தொங்குது."

தையல்காரம்மா கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. அவளுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் பட்டன், ஒரு பக்கம் காஜா. பட்டனைப் பிய்த்துவிட்டால் காஜா வெறும் ஓட்டை.

டீச்சர் போனதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். நாலு வருஷமாக எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்ட பாராட்டெல்லாம் என் செடி சம்பாதித்துக் கொடுத்தது! தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக்காரியின் கதவைத் தட்டி, கைராசி யாருக்குடி என்று கேட்க வேண்டும் போல இருந்தது. எழுந்தாள்.

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? "அட, அப்படியா!" என்பார்கள். ஒரு நாள் இந்தப் பக்கம் பார்ப்பார்கள். மறுநாள் மறுபடியும் சிவப்பைத்தான் போட்டோ எடுப்பார்கள். தூள் யார் கண்ணுக்குத் தெரியும்?

சொல்லாவிட்டால்? இன்றைக்கு ஒரு செடி போகப் போகிறது. என்னுடையது போகட்டுமே. அடுத்த வருஷம் அந்தப் பக்கமும் வெறும் பச்சை. அதற்கடுத்த வருஷமும் பச்சை. "என்ன ஆச்சு உங்க சம்பந்தி கைராசிக்கு?" என்று எதிர்வீட்டுக்காரி வந்து கேட்பாள். அப்போது காலரை நேராகத் தைத்துக்கொண்டே, "தெரியலையேம்மா" என்று சொல்லலாம்.

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைக் கேட்டு நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். அவன் மூக்கை அறுப்பதற்கு முன்னால் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பான் என்று தையல்காரம்மாவைப் பார்த்தால் தெரியும். நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மிஷினோடு சேர்ந்து முணுமுணுவென்று பாடினாள்.

*

சம்பந்தியம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், வழக்கம் போல முதலில் தன் செடியிடம் போனாள். ஒரு இலையைக் கைக்குட்டையால் துடைத்தாள். "என் தங்கம், எப்படிக் காய்ச்சிருக்கு பாரு" என்றாள். அதற்குப் பிறகுதான், "சம்பந்தியம்மா, சௌக்கியமா இருக்கீங்களா? உங்க செடியும் நல்லா பசுமையா இருக்கே" என்றாள். பிழைக்க மாட்டான் என்று தெரிந்த நோயாளியிடம் "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கே" என்று சொல்லிப் பழகிய குரல்.

"உங்க ஆசீர்வாதம்" என்றாள் தையல்காரம்மா. இனிப்பாகச் சிரித்தாள்.

ஹாலில் உட்கார்ந்தார்கள். வாசலில் மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார். மெக்கானிக், "அதாவது... வந்து..." என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்ட் மாதிரி.

மருமகள் ஜன்னலோரம் நின்றாள். அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டிரைவிங் கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, எங்கே ஆபத்து என்று தோன்றினாலும் அந்தக் கால் தானாக இறங்கிவிடும்.

"இதுல பேச என்னடா இருக்கு?" என்றாள் தையல்காரம்மா. "என் செடியை எடுத்துடு."

மெக்கானிக் நிமிர்ந்தான். "அம்மா?"

"காய்க்கிற செடியை யாராவது வெட்டுவாங்களா? சம்பந்தியம்மா ஆசை ஆசையா வச்சது. அது நிக்கட்டும். என்னுது சும்மா பச்சையா நிக்குது, யாருக்கு என்ன பிரயோஜனம்?"

மருமகள் ஜன்னலை விட்டு வந்தாள். மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். நீங்க விட்டே குடுக்க மாட்டீங்க, இதுனால பெரிய சண்டை வரும், கார் தெருவுலதான் நிக்கப் போகுதுன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க அத்தை."

அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டாள். நாலு வருஷத்தில் அவள் இந்தத் தோளில் சாய்ந்தது இதுவே முதல் தரம். தையல்காரம்மாவுக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்து, வந்ததை உள்ளே அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் டீ கப் சாஸரில் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது.

சம்பந்தியம்மாவின் கை. எத்தனையோ பேருக்கு அசையாமல் ஊசி போட்ட கை. ஜெயித்துவிட்ட அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"அவசரப்படாதீங்க சம்பந்தியம்மா. உங்க செடியும்... இருந்தா நல்லதுதானே."

"எதுக்கு நல்லது?" தையல்காரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நிழலுக்கு."

தோள் உயரம் இருக்கிற செடிக்கு நிழல்! தையல்காரம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. இவளுக்குத் தெரியும். இவளுக்கு எல்லாம் தெரியும். நர்சரியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தது, தனியாகப் போய்ப் பேசியது, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்றது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. காலையில் இருந்தது வெறும் பொறாமை. இப்போது அதில் யாரோ எண்ணெய் ஊற்றினார்கள்.

"மேஸ்திரி!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வலது பக்கம். ஆரம்பிங்க."

*

மண் ஈரமாக இருந்தது. தையல்காரம்மா ஊற்றின தண்ணீர்தான். மேஸ்திரி செடியைச் சுற்றிப் பள்ளம் எடுத்தார்.

"பின்னாடி எங்கயாவது மாத்தி நட்டுக்கலாமா?" என்று மெக்கானிக் கேட்டான்.

"கன்னா இருந்தப்போ கேட்டிருந்தா சரி. இப்ப வேரை வெட்டினா பொழைக்கறது கஷ்டம் தம்பி."

கடப்பாரை இறங்கியது. ஒரு வேர் அறுந்தது. புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. தையல்காரம்மாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. வலித்தது. இது வலிக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

செடி ஆடியது. பூக்கள் மண்ணில் கொட்டின. தேனீக்கள் கிளம்பிப் போகாமல் அந்த ஆட்டத்துக்கு நடுவிலும் பூவைத் தேடிக்கொண்டிருந்தன.

அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். தெரிந்தவள்தானே, நிறுத்துங்க என்று நீ ஒரு வார்த்தை சொல்லேன். சம்பந்தியம்மா அவளைப் பார்த்தாள். உன் செடிதானே, வேண்டாம் என்று நீ சொல்லேன். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் வாயைத் திறந்தாலும் குட்டு உடைந்துவிடும்.

மேஸ்திரி கடப்பாரையை மறுபடி ஓங்கினார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சம்பந்தியம்மா. "அது இருக்கட்டும். என்னுதை எடுங்க."

"அதெப்படி? உங்களுது காய்க்கிற செடியாச்சே" என்றாள் தையல்காரம்மா.

"பரவால்ல. எனக்கு மனசு கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல. என்னுதையே எடுங்க மேஸ்திரி."

"வேணாம் மேஸ்திரி, என்னுது!"

"நான்தானே முதல்ல சொன்னேன்?"

"அதனாலதான் வேணாங்கறேன்!"

மேஸ்திரி இந்தப் பக்கம் ரெண்டு அடி, அந்தப் பக்கம் ரெண்டு அடி என்று நடந்து பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டார். மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வந்தது. வந்ததும் தாங்கவில்லை.

"ரெண்டையும் எடுங்க மேஸ்திரி! ரெண்டு தூணையும் இடிங்க! கேட்டு நல்லா பெருசா இருக்கட்டும், லாரியே வரட்டும்!"

"ஐயோ!" என்று இரண்டு குரல் ஒன்றாக எழுந்தது. தையல்காரம்மா ஓடிப்போய்த் தன் செடியைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா தன் செடியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். புடவையெல்லாம் மகரந்தத்தோடு தையல்காரம்மா அழுதாள்.

"ரெண்டும் ஜோடிடா! இது இல்லன்னா அது காய்க்காது. அது காய்க்கறதே இதாலதான்!"

"யார் சொன்னா?"

"டீச்சர் சொன்னா. பூவை வச்சுக் காட்டினா. இன்னிக்குக் காலைல."

சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. படியில் நின்ற மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"காலைலயா அத்தை? அப்ப விட்டுக் குடுக்கறேன்னு சொன்னப்போ உங்களுக்குத் தெரியுமா?"

தையல்காரம்மா செடிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னை மட்டும் கேக்கறியே. உங்கம்மாவைக் கேளு. அவங்களுக்கு எப்ப தெரியும்னு கேளு."

"அம்மா?"

சம்பந்தியம்மா கையைக் கீழே போட்டாள். "வாங்கின அன்னிக்கே தெரியும். நர்சரிக்காரர்தான் சொன்னாரு, ஜோடியா வைங்க, ஆனா ஒண்ணுதான் காய்க்கும்னு. எது காய்க்கும்னும் காட்டினாரு."

"அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க!" என்றாள் தையல்காரம்மா.

"ஆமா, எடுத்துக்கிட்டேன்!" ஹெட் நர்ஸின் குரல் உடைந்தது. "என் பொண்ணு உங்க வீட்டுல இருக்கா. தினமும் அவ கையால காபி குடிக்கறது நீங்க. அவ களைச்சுப் போய் வந்து செருப்பைக் கழட்டறதைப் பாக்கறது நீங்க. நான் பஸ் புடிச்சு வந்து, விருந்தாளி மாதிரி உக்காந்துட்டு, இருட்டறதுக்குள்ள கிளம்பணும். இந்த வாசல்ல நாலு பேரு நின்னு 'இது யாரு வச்சது'ன்னு கேக்கற மாதிரி எனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன். தப்புதான். போங்க."

பொறாமை என்பது தனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் என்று தையல்காரம்மா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவள் என்னைப் பார்த்தா வயிறெரிந்தாள்? பழமே இல்லாத என்னைப் பார்த்தா?

"முடிஞ்சுதா?" என்றாள் மருமகள்.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் தரையை அழுத்திக்கொண்டிருந்த அந்த வலது கால், பிரேக்கிலிருந்து எடுக்கிற மாதிரி, மெதுவாக உயர்ந்தது. படியிறங்கி வந்து இரண்டு செடிகளுக்கும் நடுவில் நின்றாள்.

"இந்தப் பக்கம் எங்க அத்தை செடி. அந்தப் பக்கம் எங்க அம்மா செடி. நடுவுல இருக்கற சந்துல நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வரேன், போறேன். இந்த நாலு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கு இந்த வாசல்ல என்ன வைக்கணும்னு ஆசைன்னு யாராவது கேட்டீங்களா?"

மெக்கானிக் கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தான்.

"நான் செடிகூடக் கேக்கல. ஒரு காரு நிக்க இடம் கேட்டேன். அதை வச்சும் நீங்க ரெண்டு பேரும் விட்டுக் குடுத்து விளையாடிட்டீங்க." மாமியாரிடம் திரும்பியபோது மட்டும் அவள் குரல் கம்மியது. "உங்க தோள்ல சாஞ்சு அழுதேன் அத்தை."

கடப்பாரை வேரில் இறங்கினதைவிட இது ஆழமாக இறங்கியது.

மருமகள் குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தாள். வலது செடியைத் தாண்டி நடந்தாள். தெருப்பக்கச் சுவரோரமாகவே போய், மூலையில் நின்றாள். தையல் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே மிஷின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் விட்டுப்போன பூக்கள் இரண்டும் அதன் அடியில் வாடிக் கிடந்தன.

அவள் வெளியே கிடந்த பெஞ்சை ஓரமாகத் தள்ளினாள். கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் செங்கல்லால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோடு.

"மேஸ்திரி, நீங்க அன்னிக்கே சொன்னீங்கள்ல. இங்கதான்."

மேஸ்திரி தையல்காரம்மாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் பேச்சை மாற்றவில்லை.

"மிஷினை எப்ப நகர்த்தலாம்னு நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

தையல்காரம்மாவின் கை செடியிலிருந்து நழுவியது. யாரோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மா. உதற நினைத்தாள், உதறவில்லை.

வேர் அறுந்த செடி கொஞ்சம் சாய்ந்து, ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றது. எதிரே இன்னொன்று சிவக்கச் சிவக்க நின்றது. இரண்டையும் இப்போது யாரும் பார்க்கவில்லை.